விடுபட்ட நீர்

உங்களுக்காக எழுதித் தரும்படி கேட்டவர்கள், இனிமையான அனுபவங்களாக இருந்தால் நல்லது என்றார்கள். இந்த ஆண்டு பாலக்காட்டு எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளில் வேதியியல் ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இனிமையானது அல்ல. அது ஒரு கேள்வித்தாளைப் பற்றியது. அதிலும் ஏழாவது கேள்வியைப் பற்றியது. நான் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அந்தக் கேள்வியை நினைத்தால் கோபம் வருகிறது. கோபத்தின் பெரும்பகுதி என் மீதுதான். மீதியைப் பங்கிட்டுக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவராக வருவார்கள்.

சமன்பாட்டைச் சமன் செய்வது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. இடப்பக்கம் எத்தனை அணு, வலப்பக்கம் எத்தனை அணு என்று எண்ணுவதற்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். தெரிந்ததைச் செய்ய அவர்களை விடுகிறோமா என்பதுதான் சங்கதி. பத்தாம் வகுப்பில் தேர்வுக்கு வரக்கூடிய சமன்பாடுகள் கொஞ்சம்தான். ஆகவே அணுக்களை எண்ண வைக்காமல், எண்களை மட்டும் பாட்டாகப் பாட வைத்துவிடுவது நம் பக்கத்துப் பள்ளிகளின் வழக்கம். அம்மோனியா தயாரிப்புக்கு, "ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு." காலையில் முதல் மணிக்கு முப்பது பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள். வடகரப்பதிப் பள்ளியில் நானும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் சொல்ல வைத்தேன். எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் மூல வேதியியல் தாளைத் தமிழில் பெயர்த்து எழுத ஓர் ஆண்டு என்னை அழைத்தார்கள். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எழுதியது யார் என்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். ஆசிரியர் வேலைக்கு வருவதற்கு முன் நான் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் நான்கு ஆண்டுகள் பிழை திருத்துபவளாக இருந்தவள். பத்திரிகையில் ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார், இன்னொருவர் அச்சுப் படியில் கண்ணை ஓட்டுவார். எண் வந்தால் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வோம். அந்தப் பழக்கத்தில், படித்துக் காட்ட இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்டேன்.

"ரெண்டாள் வந்தா ரகசியம் போயி டீச்சரே," என்றார் அங்கே பொறுப்பில் இருந்தவர். "டீச்சர் பத்திரிகையில இருந்த ஆளல்லவா. ஒற்றைக்கே போதும்."

புகழ்ச்சியில் மயங்கி, தனியாகவே பார்க்க ஒத்துக்கொண்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நம்மை மடக்க யாரும் மிரட்ட வேண்டியதில்லை. கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தமிழ் வாக்கியங்களை நான் கையால் எழுதிக் கொடுத்தேன். ஒருவர் தட்டச்சு செய்தார். சமன்பாடுகளை மட்டும் மூலத் தாளிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினார்கள். எல்லா மொழியிலும் அவை ஒன்றுதானே. ஏழாவது கேள்வியில் என் தமிழ் வாக்கியம் மூலத்தைவிட நீளமாக இருந்தது. பக்கத்துக்குள் அடக்குவதற்காகத் தட்டச்சு செய்தவர் கட்டத்தைக் கொஞ்சம் குறுக்கினார். சமன்பாட்டின் வால் கட்டத்துக்கு வெளியே போய் மறைந்துவிட்டது. தமிழ்த் தாளில் கடைசியில் நின்றது இதுதான்:

NH₄Cl + Ca(OH)₂ → CaCl₂ + NH₃

அம்மோனியம் குளோரைடும் கால்சியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் கால்சியம் குளோரைடு, அம்மோனியா, நீர் ஆகிய மூன்றும் வர வேண்டும். நீரைக் காணோம். அச்சுப் படி என் கைக்கு வந்தது. நான் மூன்று இடங்களில் விடுபட்ட ஒற்றைச் சேர்த்தேன். ஏழாவது கேள்வியிலேயே ஒரு சொல்லைப் பிரித்து எழுதச் சொல்லி அம்புக்குறி போட்டேன். அதற்கு நேர் கீழே நீர் இல்லை. அது அங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் பார்க்கவில்லை. "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும் கேம்ப் தொடங்கியது. தமிழ் வேதியியல் தாள்களுக்கு மாடியில் ஒரு கடைசி அறை. நானும், மூணாறு பக்கத்துத் தோட்டப் பள்ளியிலிருந்து வந்த ஒரு சாரும்தான் அதில். நல்ல மனிதர். வாய் ஓயாது.

"டீச்சர், இதக் கேளுங்க," என்றார் இரண்டாம் நாள் காலையில். "அம்மோனியாவோட மணம் எப்படி இருக்கும்னு கேட்டா, 'எங்கள் பள்ளிக் கழிப்பறை போல இருக்கும்'னு எழுதிருக்கான் ஒரு பய. விடை ஸ்கீம்ல 'காரமான நெடி'ன்னு இருக்கு. மார்க் போடவா, வெட்டவா?"

"மோந்து பாத்துத்தானே எழுதியிருக்கான். போடுங்க சார்."

"அப்ப அவன் ஹெட்மாஸ்டருக்கு ஒரு மார்க்கக் கொறச்சிருவோம்."

சிரித்துக்கொண்டே நான் அடுத்த தாளைப் பிரித்தேன். கையெழுத்து சிறியது, நேரானது. ஏழாவது கேள்விக்கு நான்கு மதிப்பெண். சமன் செய்ய இரண்டு, அதை வைத்து ஒரு கணக்குப் போட இரண்டு. அந்தப் பிள்ளை சமன் செய்யவில்லை. ஒரு சின்ன அட்டவணை போட்டு இருபக்க அணுக்களையும் எண்ணி எழுதியிருந்தது. அதன் கீழே: "இடப்பக்கம் ஆக்சிஜன் உள்ளது. வலப்பக்கம் ஆக்சிஜன் இல்லை. எந்த எண்ணைப் போட்டாலும் இது சமமாகாது. ஏதோ ஒரு பொருள் எழுதாமல் விடப்பட்டுள்ளது." கணக்குக்கு நேராக: "சமன் செய்யாத சமன்பாட்டை வைத்துக் கணக்கிடக் கூடாது."

நான் அதை உரக்கப் படித்துக் காட்டினேன், வேடிக்கைக்காக.

"என்னத்தச் சொல்ல!" என்றார் மூணாறு சார். "கேள்வித்தாளையே பெயிலாக்கிப்புட்டு போயிருக்கு. சைபரப் போட்டுட்டு அடுத்தத எடுங்க டீச்சர். இன்னும் எம்புட்டுக் கட்டு கெடக்கு."

சைபர் போட்டேன். நன்றாக வட்டமாகவே போட்டேன்.

மொத்தம் நாற்பதில் நான்கு மதிப்பெண் என்றால் ஒரு முழு கிரேடு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, பஸ் போகிற தூரத்தில் இருக்கும் ஒரே மேல்நிலைப் பள்ளியில் சயின்ஸ் கிடைக்குமா, கிடைக்காதா என்பதை அந்த ஒரு கிரேடு முடிவு செய்யும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் அரை நிமிடத்தில் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த தாள்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு. நான் படிக்காமலே சரி போட்டுக்கொண்டு போனேன். பன்னிரண்டாவது தாளோ பதின்மூன்றாவதோ, ஒரு பிள்ளை முதலில் கேள்வியில் உள்ள சமன்பாட்டை அப்படியே எடுத்து எழுதிவிட்டு, அடுத்த வரியில் விடையை எழுதியிருந்தது. மேல் வரியில் நீர் இல்லை. கீழ் வரியில் இருந்தது. கேள்வியைப் பார்த்து எழுதுவதில்கூடத் தப்பா என்று எரிச்சலுடன், அந்தப் பிள்ளையின் தப்பை உறுதி செய்துகொள்ளவே கேள்வித்தாளை எடுத்தேன்.

கேள்வித்தாளில் நீர் இல்லை.

மூன்று முறை படித்தேன். பிறகு மேல் வரியிலிருந்து எழுத்து எழுத்தாக, பத்திரிகையில் படிப்பதுபோலப் படித்தேன். இல்லை. நான் கையெழுத்திட்டு அனுப்பிய தாள். நான் திருத்திய மற்ற பிள்ளைகள் எல்லோரும் தாளில் இல்லாத பொருளைப் பாட்டிலிருந்து எடுத்து எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் நான் முழு மதிப்பெண் போட்டிருந்தேன். தாளில் இருப்பதைப் பார்த்து எழுதிய ஒரே பிள்ளைக்குச் சைபர்.

மூணாறு சாரிடம் காட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "அட ஆமா. நானும் நூறு தாளு திருத்திட்டேனே," என்றார். அவ்வளவு நேர்மை அவரிடம் இருந்தது. அடுத்ததாக அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "டீச்சர், சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. இதக் கெளறுனா, தமிழ்ல எழுதுனது யாருன்னு தேடுவாக. எவனோ நம்மளப் போல ஒரு வாத்தியாரு. பாவம், பொழப்பு போயிரும்."

அந்த எவனோ எதிரில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

கீழே கேம்ப் ஆபீசர் அறைக்குப் போனேன். கேள்வித்தாளையும் விடைத்தாளையும் மேசையில் வைத்தேன். அவர் அமைதியாகப் பார்த்தார். மலையாளமும் தமிழும் கலந்த பாலக்காட்டுப் பேச்சு அவருடையது.

"தமிழ் ஸ்கூல்ல நின்னு ஏதாவது பராதி வந்திருக்கா?" புகார் வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"வரல சார்."

"பரீட்சை கழிஞ்சு இத்தனை நாளாச்சு. ஒரு டீச்சர்கூட எழுதலை. மத்த குட்டிகள் எல்லாம் சரியா எழுதியிருக்கு. அப்போ எங்கே பிரச்சினை?"

"மத்த பிள்ளைங்க கேள்வியைப் படிக்கவே இல்லை சார். இந்தப் பிள்ளை மட்டும்தான் படிச்சிருக்கு."

"டீச்சரே, நான் மேலே எழுதினா முதல்ல கேக்கறது, தமிழ்ல செஞ்சது யாருன்னு. பின்னே தமிழ் ரிசல்ட் மொத்தமும் நிக்கும். ஒரு குட்டிக்கு வேண்டி அத்தனை பேரையும் நிறுத்தணுமா?" கொஞ்சம் யோசித்து, பெரிய சலுகை தருபவர்போலச் சொன்னார்: "அணுவெல்லாம் எண்ணியிருக்கு இல்லே? அதுக்கு ஒரு மார்க் கொடுத்தோ." கொடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான்கில் ஒன்று. முழுக்கச் சரியான விடைக்கு, முயற்சி செய்ததற்கான ஒரு மதிப்பெண்.

"தமிழில் எழுதியது நான்தான்" என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அதை விழுங்கினேன். எல்லோருடைய ரிசல்ட்டும் நின்றுவிடும் என்று அவர் சொன்னதை ஒரு நல்ல காரணமாகப் பிடித்துக்கொண்டேன். மாடிக்குப் போனேன். சைபரை அடித்து ஒன்று போட்டுக் கையெழுத்திட்டேன். நெருக்கடியில் முடிவெடுப்பதைப் பற்றி உங்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் நிறையச் சொல்வார்கள். என் முடிவு அதுதான். ஒன்று.

ரிசல்ட் வந்து ஒரு வாரத்தில் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழி ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம். டீ இடைவேளையில் முதலமடைப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் வேதியியல் ஆசிரியர், இளைஞர், தன் பள்ளிக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் படிக்கற புள்ள ஒருத்திங்க டீச்சர். ஏ ப்ளஸ் வாங்க வேண்டியவ. ஏழாவது கேள்வியே தப்புன்னு எழுதி வெச்சுட்டு வந்துட்டா. ஹால்ல எந்திரிச்சு வேற சொல்லியிருக்கறா. அங்க நின்னவரு, 'உன்ற வேலையப் பாத்து எழுது'ன்னு உட்கார வெச்சுட்டாருங்க."

"வெளியே வந்து உங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்னாளுங்க. 'தண்ணி இல்லைங்க சார்'னா. நானும் நல்லா வெச்சு வாங்கிட்டேன். தெனமும் பாடறதத்தானே எழுதோணும், உனக்கென்ன அவ்வளவு கொழுப்புன்னு."

"நீங்க கேள்வித்தாளை எடுத்துப் பாத்தீங்களா சார்?"

"பாத்தனுங்க. தண்ணி இல்லைதான். இல்லாட்டி என்னங்க டீச்சர், நமக்குத் தெரியுமில்ல?"

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இவருக்குத் தெரிந்திருக்கிறது. தேர்வு நடந்த அன்று பிற்பகலே, ஒரு பிள்ளை கையில் தாளுடன் வந்து சொல்லி, இவர் கண்ணாலும் பார்த்திருக்கிறார். ஒரு கடிதம் எழுதியிருந்தால் கேம்ப் தொடங்கும் முன்பே ஸ்கீமைத் திருத்தியிருப்பார்கள். அவர் எழுதவில்லை. திட்டினார்.

"அந்தத் தாளத் தமிழ்ல எழுதுன முட்டாள் எவனோ," என்றார் அவர். "அவனையுங்க, நிக்க வெச்சுக் கேக்கோணும்."

"கேளுங்க சார். நான்தான்."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "டீச்சர், இதை எங்கிட்டச் சொல்லலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். தேர்வு நடந்த நாளிலிருந்து அவர் கேட்ட ஒரே ஜாக்கிரதையான கேள்வி அது.

அந்தப் பெண்ணை இங்கே நந்தினி என்று எழுதுகிறேன்; அது அவள் பெயர் அல்ல. மறுநாள் முதலமடைக்குப் போனேன். அவள் அம்மா ஒரு மாங்காய்க் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். சீசன் முடிகிற நேரம். வாசலில் ஒரே ஒரு லாரி நின்றது. நந்தினி ப்ளஸ் ஒன் விண்ணப்பம் கொடுக்கப் போயிருந்தாள். அம்மா வேலையை நிறுத்தாமலே பேசினார். இடது பக்கப் பிளாஸ்டிக் கிரேட்டுக்கு நல்லது, வலது பக்கத்துக்குக் கீறல் பட்டது.

கேள்வியில் தப்பு, நான்தான் எழுதியது, திருத்தியதும் நான்தான் என்று சொன்னேன்.

"அப்ப அவ எழுதுனது செரிங்களா?"

"சரிங்க."

"சார் வந்து சொன்னாருங்க, கொழுப்பெடுத்து எழுதாம வந்துட்டான்னு. வெளக்குமாத்துல ரெண்டு போட்டேனுங்க நானு." கையிலிருந்த மாங்காயைத் தப்பான கிரேட்டில் போட்டுவிட்டு, எடுத்துச் சரியானதில் வைத்தார். "அழுகவே இல்லைங்க அவ. 'தண்ணி இல்லம்மா, தண்ணி இல்லம்மா'ன்னே சொல்லீட்டிருந்தா. நானும் குடத்துல இருக்குதே போயிக் குடிடீன்னேன்."

அடுத்த மாங்காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், மார்க்க வாங்கித் தந்துருவீங்க. அடிச்சதுக்கு என்ன போட்டுத் தருவீங்க?"

மறுமதிப்பீட்டுக்கு நந்தினியை விண்ணப்பிக்கச் சொன்னேன். வெறும் மறுமதிப்பீடு என்றால் அதே ஸ்கீமை வைத்து இன்னொருவர் பார்ப்பார். அதே ஒன்றுதான் வரும். ஆகவே அதோடு நானும் ஒரு கடிதம் எழுதினேன். தாளைத் தமிழில் எழுதியது நான், அச்சுப் படியில் பிழையைக் கவனிக்காமல் விட்டது நான், திருத்தும்போது சைபர் போட்டதும் பிறகு தெரிந்தே ஒன்று போட்டதும் நான் என்று மூன்று பத்திகள். கேள்வித்தாளின் நகலை இணைத்து நீர் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

பதினைந்து நாளில் எனக்கு ஒரு மெமோ வந்தது. உட்கார்ந்து கவனமாகப் படித்தேன். நீர் ஏன் விடுபட்டது என்று அதில் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஏன் ஒன்று போட்டாய் என்றும் கேட்கவில்லை. தமிழில் எழுதியது யார் என்பதை வெளியே சொன்னது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தது. பிழைக்குத் தண்டனை இல்லை. பிழையை ஒப்புக்கொண்டதற்குத்தான். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை என்னைத் தாள் எழுதவும் அழைக்கவில்லை, திருத்தவும் அழைக்கவில்லை. தாள் எழுத அழைக்காதது சரிதான். அந்த வேலையை நான் கெடுத்தவள். ஆனால் எனக்குப் பின் அந்த அறைக்குப் போனவரும் தனி ஆளாகத்தான் உட்கார்ந்தார் என்று தெரிந்தபோது, படித்துக் காட்ட இன்னொரு ஆள் வேண்டும் என்று கடிதத்தில் நாலாவதாக ஒரு பத்தி எழுதாமல் விட்டேனே என்று இருந்தது.

நீங்கள் நாளை வகுப்புக்குப் போவீர்கள். உங்களிடம் ஒரு பிள்ளை வந்து, "கேள்வி தப்பு டீச்சர்" என்று சொல்லும். பத்தில் ஒன்பது முறை அந்தப் பிள்ளை சொல்வதுதான் தப்பாக இருக்கும். அந்த ஒன்பது முறையும் கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொதுத் தேர்வு முடிந்த அன்றே தமிழ்த் தாளை, விடை தெரியாத ஒருத்தரைப்போல முதல் எழுத்திலிருந்து படியுங்கள். நமக்குத் தெரியும் என்பதுதான் நம் கண்ணை மறைக்கிறது. பிழை இருந்தால் அன்றைக்கே எழுதி அனுப்புங்கள். எழுதியவர் உங்கள் நண்பராக இருந்தாலும் எழுதுங்கள். அவர் பிழைப்பைப் பார்த்து நீங்கள் இரக்கப்படும்போது யாருடைய பிழைப்பில் கை வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பாட்டுப் பாட வைக்காதீர்கள் என்று நான் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் பாட வைத்த பிறகும் பாடாமல் எண்ணிப் பார்க்கிற ஒரு பிள்ளை இருந்தால், குறைந்தபட்சம் அதை அடிக்காமலாவது இருங்கள்.

மறுமதிப்பீட்டு முடிவு வந்தபோது ப்ளஸ் ஒன் வகுப்புகள் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. நந்தினிக்குச் சயின்ஸ் கிடைக்கவில்லை, காமர்ஸில் சேர்ந்திருந்தாள். உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு நானே அந்தப் பள்ளிக்குப் போனேன். பிரின்சிபாலைப் பார்த்துவிட்டு அவளை வகுப்பிலிருந்து வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. ஒல்லியாக, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். நான் யார் என்று அவள் அம்மா சொல்லியிருக்க வேண்டும். வணக்கம் சொன்னாள், சிரிக்கவில்லை.

காகிதத்தை நின்றபடியே முழுவதும் படித்தாள். மாணவியின் நிலையைக் கருத்தில் கொண்டு, ஏழாவது கேள்விக்குக் கருணை மதிப்பெண்ணாக மேலும் மூன்று வழங்கப்படுகிறது என்பது அதன் சாரம்.

"ஏ ப்ளஸ் ஆயிடுச்சும்மா," என்றேன்.

"சயின்ஸுக்கு மாத்துவாங்களா டீச்சர்?"

"இப்பத்தான் கேட்டேன். இடம் இல்லைன்னுட்டாங்க."

தலையாட்டினாள். அது அவளுக்கு முன்பே தெரிந்ததுபோல இருந்தது. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. மறுபடி முன்பக்கம்.

"தண்ணி சேத்தி எழுதுனவங்களுக்குக் கொறச்சாங்களா?"

"இல்ல. அவங்களுக்கும் முழு மார்க்தான்."

"நான் எழுதுனது செரின்னு இதுல எங்கீங்க இருக்குது?"

நானும் தேடினேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை.

"கருணைன்னா, பாவம்னு குடுக்கறதுங்களா?"

"ஆமா."

"நீங்கதானுங்களே மொதல்ல சைபர் போட்டது?"

"நான்தான்."

"அப்ப நீங்க எழுதிக் குடுங்க."

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். காகிதத்தின் பின்பக்கத்தில், "ஏழாவது கேள்வி தவறு. மாணவி எழுதிய விடை சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன். படித்தாள். மடிக்கவில்லை. திருப்பி என்னிடமே நீட்டினாள்.

"எதனால செரின்னு எழுதலைங்களே டீச்சர்."

காகிதத்தை வாங்கிச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இடப்பக்கத்து அணுக்களிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.